காதில் விழாத தீட்டு

சிரம்பானிலிருந்து மம்பாவைத் தாண்டி ரந்தாவ் போகும் பாதையில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டம் இருக்கிறது. புஷ்பவள்ளி அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தபோது வரிசை வரிசையான லயத்து வீடுகள் எல்லாவற்றிலும் தமிழர்கள் இருந்தார்கள். இப்போது நான்கே குடும்பங்கள். மற்ற வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். கடைசி வரிசையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடுதான் அவளுடையது. கணவன் வசந்தன் தோட்டத்து லோரி ஓட்டுகிறான். வெட்டிய பழக்குலைகளை எண்ணெய் மில்லில் கொண்டுபோய்க் கொட்டுவது அவன் வேலை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வசந்தன் முதன்முதலில் சபரிமலைக்கு மாலை போட்டது அதற்காகத்தான். மூன்று மலை பிள்ளைக்காகப் போனான். நான்காவது வருஷம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனாலும் கார்த்திகை முதல் தேதி குளித்துவிட்டுக் கறுப்பு வேட்டி கட்டிக்கொண்டு நின்றான். இனிமேல் எதற்கு என்று புஷ்பவள்ளி கேட்கவில்லை. மலைக்குப் போய் வந்தால் அவன் முகம் கொஞ்ச நாளைக்குத் தெளிந்திருக்கும். அது போதும் என்று இருந்துவிட்டாள்.

வீட்டில் மூன்றாவது ஆள் அவளுடைய மாமனார் முனியாண்டி. தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். விடியலில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் அவர் ஆள் பெயர் கூப்பிட்டால் லயம் முழுக்கக் கேட்கும் என்பார்கள். மருமகளிடம் அவர் நேராகப் பேசியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட, "அந்தப் புள்ளய தண்ணி கொண்டாரச் சொல்லு" என்று மகனிடம் சொல்வார். மகன் வீட்டில் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. புஷ்பவள்ளி பள்ளிக்கூடக் கேண்டீன் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். பெம்பஸ் மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சியையும் மைலோவையும் கரண்டியால் ஊட்டுவது எல்லாம் அவள்தான். அவருக்கு இடது கை நன்றாக இருந்தது. அந்தக் கையால் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டுவார். தண்ணீருக்கு ஒரு மாதிரி, புரட்டிவிட ஒரு மாதிரி. சில நேரம் எதுவும் வேண்டாமல் சும்மா தட்டுவார். ஆள் இருக்கிறதா என்று பார்க்கத் தட்டுவது அது. அவள் எட்டிப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். அத்தனை வருஷம் பேசாத மனிதர் அந்தக் கம்பி வழியாகத்தான் அவளிடம் பேசினார்.

வசந்தன் வேலை முடிந்து வந்தால் அறை வாசலில் நின்று, "அப்பா, கேக்குதா?" என்பான். அவர் ஒருமுறை தட்டுவார். அப்பனுக்கும் மகனுக்கும் அவ்வளவுதான் பேச்சு. பேச்சு இருந்த காலத்திலும் அவர்கள் அதிகம் பேசியதில்லை. படிக்கிற வயதில் அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தோட்ட வேலைக்கு அனுப்பியவர் அவர்தான். அந்த மனத்தாங்கல் அவனுக்குள் இருந்தது புஷ்பவள்ளிக்குத் தெரியும். அவன் வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை.

இது அவனுக்குப் பதினெட்டாவது மலை. பதினெட்டாம் வருஷம் போகிறவர்கள் தென்னங்கன்று ஒன்றைச் சுமந்துகொண்டு போய்ச் சன்னிதானத்தில் வைப்பார்கள். அந்த வருஷம் முழுக்க அவனுக்கு அதே நினைப்பு. ஆனால் மார்கழியில் முனியாண்டிக்குச் சளி கட்டியது. கஞ்சி இறங்குவது குறைந்தது. கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள், வயதாகிவிட்டது என்றார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது வசந்தன் அவளிடம், போகட்டுமா, நின்றுவிடட்டுமா என்று கேட்டான். மாலை போட்ட ஆளிடம், பதினெட்டாவது வருஷத்தில், போகாதீர்கள் என்று அவள் எப்படிச் சொல்வாள்?

"போங்க சாமி, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மலைக்குக் கிளம்புகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவன் அப்பாவின் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றான். காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு இருமுடி கட்டச் சிரம்பான் கோயிலுக்குப் போய், குழுவோடு விமானம் ஏறிவிட்டான். குழுவுக்குக் குருசாமி தங்கராஜு. வசந்தனின் முதல் மலையிலிருந்தே அவனைக் கூட்டிப் போகிறவர்.

அவர்கள் எரிமேலியிலிருந்து பெரிய பாதையில் நடக்க ஆரம்பித்த பிறகு, போகிக்கு முந்தின நாள் காலையில், புஷ்பவள்ளி கஞ்சியோடு அறைக்குள் போனாள். முனியாண்டி சுவர்ப் பக்கம் முகம் திரும்பிக் கிடந்தார். இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அந்தக் கையை எடுத்து உள்ளே வைத்தாள். அது மறுபடி நழுவியது.

அவள் முதலில் கூப்பிட்டது வசந்தனைத்தான். தொடர்பு கிடைக்கவில்லை. கரிமலைக் காட்டுக்குள் நடக்கிறவர்களுக்குச் சிக்னல் ஏது? தங்கராஜுவின் எண்ணும் கிடைக்கவில்லை. பிறகு வாட்சாப்பில் பேசிப் பதிவு செய்தாள். "சாமி, மாமா போயிட்டாரு. காலைல பாத்தேன். நீங்க உடனே கூப்பிடுங்க." அனுப்பினாள். ஒற்றைக் குறியோடு அது அப்படியே நின்றது.

அடுத்ததாக வசந்தனின் அக்கா மயிலம்மாளுக்குச் சொன்னாள். அம்பாங்கானிலிருந்து மயிலம்மாளும் அவள் மகன் சசிதரனும் உடனே வந்துவிட்டார்கள். மயிலம்மாள் அப்பாவின் மேல் விழுந்து அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது, தம்பிக்குச் சொல்லியாகிவிட்டதா என்பதுதான். புஷ்பவள்ளி போனைக் காட்டினாள்.

"இது அவனுக்குப் போய்ச் சேரலதானே? அழிச்சுடு."

"அண்ணி, அவருதான் ஒரே மகன். கொள்ளி வைக்கணும்."

"எப்படி வருவான்? காட்டுக்குள்ள இருக்கான். அங்கேயிருந்து பம்பைக்கு எறங்கி, கொச்சிக்கு வந்து, பிளேன் பிடிச்சு... மகரஜோதிக் கூட்டத்துல வண்டியே நகராது. பொங்கலத் தாண்டியும் அப்பாவ ஐஸ்ல வச்சிருக்கச் சொல்றியா? வர முடியாதவன்கிட்டச் சொல்லி என்னா ஆவப்போவுது? மாலையக் கழட்டிட்டு நடுக்காட்டுல நிப்பான். பதினெட்டு வருஷம் புஷ்பா. காதுல விழாத வரைக்கும் தீட்டு இல்ல. எறங்கி வந்ததும் சொல்லிக்கலாம்."

மயிலம்மாள் சொன்னதில் எதையும் புஷ்பவள்ளியால் மறுக்க முடியவில்லை. அவன் வர முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் சொல்லாமல் இருப்பது தப்பு என்று உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அவள் பெற்ற பிள்ளை என்று ஒன்று இருந்தால் அது பக்கத்தில் நின்று பேசியிருக்கும். செத்துப் போனவர் மயிலம்மாளின் அப்பா. மலையில் இருப்பவன் மயிலம்மாளின் தம்பி. தான் அந்த வீட்டுக்கு வந்தவள். அவள் செய்தியை அழித்தாள்.

அதன் பிறகு எல்லாம் மயிலம்மாள் சொன்னபடி நடந்தது. யாரும் பேஸ்புக்கில் படம் போடக் கூடாது, பத்திரிகையில் போடக் கூடாது, மலைக்குப் போன குழுவில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று வந்தவர்களிடமெல்லாம் அவளே சொன்னாள். வீட்டில் நடந்த சாவு என்பதால் வழக்கம்போல் போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. வங்காளதேசத்துப் பையன்கள் கொட்டகை போட்டு நாற்காலிகளை இறக்கினார்கள். மறுநாள் போகியன்று தூக்க ஆள் போதவில்லை. அந்தப் பையன்களில் இருவர் தோள் கொடுத்தார்கள். சசிதரன் தலையை மழித்துக்கொண்டு தாத்தாவுக்குக் கொள்ளி வைத்தான். பொங்கலன்று காலையில் போர்ட்டிக்சன் கடலில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தார்கள். வந்த சனம் முழுக்க வசந்தனைப் பற்றியே பேசியது. பாவம், எப்படித் தாங்குவானோ என்றது. மூன்று வருஷம் பார்த்துக்கொண்டவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அழுகை வந்தபோது குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

பொங்கலன்று பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்து, அவர் கிடந்த இடத்து விளக்குக்கு எண்ணெய் விட்டபோது போன் அடித்தது. வசந்தன்.

மயிலம்மாள் கூடத்தில் பாயில் சாய்ந்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். எடு என்று கையால் காட்டினாள்.

புஷ்பவள்ளி எடுத்தாள். காது கிழிகிற மாதிரி சரண கோஷம். அதற்கு நடுவில் வசந்தன் கத்திப் பேசினான். பாண்டித்தாவளத்தில் நல்ல இடம் கிடைத்துவிட்டதாம். ஜோதி தோன்றும் பொன்னம்பல மேடு நேரெதிரே தெரிகிறதாம். தென்னங்கன்றை வைத்தாகிவிட்டதாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜோதி. சிக்னல் கிடைப்பதே அதிசயம், அதனால்தான் உடனே கூப்பிட்டானாம். அவ்வளவு சந்தோஷமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. ஏதோ செய்தி அனுப்பி அழித்திருக்கிறாளே, என்ன அது என்று கேட்டான். கை தவறி அனுப்பிவிட்டேன் என்றாள்.

"பொங்கல் வச்சியா?"

"வச்சேன் சாமி."

"அப்பாவுக்குக் குடுத்தியா?"

அவள் மயிலம்மாளைப் பார்த்தாள். மயிலம்மாள் தலையை ஆட்டினாள்.

"ம்" என்றாள் புஷ்பவள்ளி.

"போன அவரு காதுகிட்ட வை. நான் பேசணும்."

தூங்குகிறார் என்று சொல்லியிருக்கலாம். பிற்பாடு எத்தனையோ தடவை அதை நினைத்தாள். அந்த நேரத்தில் தோன்றவில்லை. கால்கள் தாமாக அறைக்குள் நடந்தன. மெத்தையை எடுத்து எரித்துவிட்டிருந்தார்கள். வெறும் இரும்புக் கட்டில் கிடந்தது, கீழே விளக்கு எரிந்தது. அவள் கட்டில் அருகே உட்கார்ந்து, தலை இருக்க வேண்டிய இடத்தில் போனைப் பிடித்தாள். கூட்டத்தின் சத்தத்தை மீறுவதற்காக அவன் உரக்கப் பேசியதால் எல்லாம் அவளுக்குக் கேட்டது.

"அப்பா, நான் வசந்தன். ஜோதி பாக்க நிக்கிறேன். உங்களுக்காகவும் சேத்துத்தான் கும்பிடுறேன். ஒன்னு சொல்லணும்பா. பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்துனீங்களே, அத ரொம்ப நாளா மனசுல வச்சிருந்தேன். உங்கமேல கோவமாவே இருந்துட்டேன். இன்னிக்கு அத இங்கேயே விட்டுட்டேன்பா. இனிமே ஒன்னும் இல்ல. வீட்டுக்கு வந்து பேசலாம்னுதான் இருந்தேன். அங்க வந்தா எனக்கு வாய் வராது."

கூட்டம் சரணம் சொல்லிக்கொண்டே இருந்தது.

"கேக்குதாப்பா? கேட்டா தட்டுங்க."

புஷ்பவள்ளி நிமிர்ந்து பார்த்தாள். அறை வாசலில் மயிலம்மாள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றாள். இரண்டு நாளாக எல்லாவற்றுக்கும் வழி சொன்னவள் இப்போது தலையையும் ஆட்டவில்லை, கையையும் காட்டவில்லை.

"அப்பா?" என்றான் வசந்தன் மறுபடி.

புஷ்பவள்ளி இடது கையால் கம்பியைத் தட்டினாள்.

அவன் அழுவது கேட்டது. "சாமி சரணம், சாமி சரணம்" என்று சொல்லிக்கொண்டே அழுதான். தொடர்பு அறுந்துவிட்டது. அவள் போனை அதே இடத்தில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மயிலம்மாள் வந்து விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி அதை வாங்கினாள்.

அந்த வருஷம் ஜோதி அருமையாகத் தெரிந்ததாம். மறுநாள் தங்கராஜு குழுவின் படத்தை அனுப்பியிருந்தார். நடுவில் வசந்தன். பல் தெரியச் சிரிக்கும் படம் அவனுடையது வேறு எதுவும் அந்த வீட்டில் இல்லை.

அவர்கள் திரும்பி வரும் நாளில் தானும் கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கு வருவதாகப் புஷ்பவள்ளி சொன்னாள். கழுத்து மாலையைக் கழற்றுவதற்கு முன்னால் தீட்டு வீட்டுப் பொம்பளை எதிரே போகக் கூடாது என்று மயிலம்மாள் தடுத்துவிட்டாள். மகள் வழிப் பேரனுக்குத் தீட்டு மூன்று நாள்தான் என்று அவள் சொல்ல, சசிதரன் காரோடு போனான். அவன் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. மருமகனின் மொட்டைத் தலையைப் பார்த்ததும் வசந்தனுக்கு விளங்கிவிட்டது. "எப்ப?" என்று மட்டும் கேட்டானாம். சசிதரன் நாளைச் சொன்னான். வழியில் நீலாயைத் தாண்டும் வரைக்கும் வசந்தன் இருமுடிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தானாம். கோயிலில் தங்கராஜு மாலையைக் கழற்றியபோதும் அவன் அழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய் வெறும் கட்டிலைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான். வெளியே வந்து அக்காவைத் தாண்டிப் பின்கட்டில் போய் உட்கார்ந்தான். புஷ்பவள்ளி தேநீர் கொண்டுபோய் வைத்தாள்.

"அன்னிக்குத் தட்டுனது யாரு?" என்று கேட்டான்.

"நான்தான்."

"எதுக்குத் தட்டுன?"

"நீங்க தட்டச் சொன்னீங்க."

அவன் அவளையே பார்த்தான். அவள் வேறு என்ன சொல்வாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அவள் தேநீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவன் எழுந்து குளிக்கப் போனான். தேநீர் அப்படியே ஆறியது.

கருமக்கிரியை முடிந்தது. மயிலம்மாள் வந்தாள், போனாள். வசந்தன் அவளிடம் கோபப்படவில்லை. ஊரார் பயந்த மாதிரி சண்டை எதுவும் நடக்கவில்லை. யாராவது கேட்டால், அக்கா சொன்னது சரிதான், என்னால் வந்திருக்க முடியாது என்பான். ஆனால் புஷ்பவள்ளியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டான். சாப்பாடு வேண்டும் என்றால் சாப்பாட்டு மேசையைப் பார்த்துச் சொன்னான். அவன் அப்பா பேசிய மாதிரியே பேசுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மாதங்கள் கழித்து, கோயிலில் தங்கராஜுவைப் பார்த்தபோது அவள் கேட்டாள். உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் சாமி என்றாள்.

"சொல்லியிருப்பேன்மா. மாலையக் கழட்டிட்டு அங்கேயே உக்காந்து அழுதிருப்பான். அழறதுக்கு ஒரு எடம் கெடச்சிருக்கும். ஆனா உன் எடத்துல இருந்திருந்தா என்னா செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியாதும்மா."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது? வீட்டுக்கு வந்து துணி துவைத்தாள்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்பு, மழை பெய்து லோரி ஓடாத ஒரு நாள், வசந்தன் வீட்டில் இருந்தான். அவள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தரையைப் பார்த்தபடி அவன் கேட்டான். கடைசி ராத்திரி அப்பா தட்டினாரா?

யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவள் மட்டும் தினமும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

"தெரியல. அன்னிக்கு நான் நல்லா தூங்கிட்டேன். தட்டியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது" என்றாள். சொன்ன பிறகு அரிசியைப் பார்க்க முடியவில்லை. கண் மறைத்தது.

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. மழை விடும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். முறத்தைத் தன் பக்கம் இழுத்துக் கல் பொறுக்கினான்.

கார்த்திகை வந்தது. அப்பா தவறி ஒரு வருஷம் முடியாமல் மலை ஏறக் கூடாது என்பதால் அவன் மாலை போடவில்லை. போடக் கூடாது என்பது அவனுக்கு நிம்மதியா, வருத்தமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. புதிதாக மாலை போட்ட பையன்கள் வந்து காலில் விழுந்து, பதினெட்டு மலை ஏறியவர் என்பதால் குருசாமி என்றே கூப்பிட்டார்கள். அவன் ஒவ்வொரு தடவையும் சங்கடத்தோடு காலை இழுத்துக்கொண்டான்.

மகரஜோதியன்று அத்தனை வருஷத்தில் முதன்முதலாக அவன் வீட்டில் இருந்தான். தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். அவள் போடலாமா வேண்டாமா என்று தயங்கினாள். அவனே போட்டான். அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். திருவாபரணப் பெட்டி வந்தது. கூட்டம் கையைத் தூக்கியது. இருட்டான மலைமேல் வெளிச்சம் தோன்றி, மறைந்து, மறுபடி தோன்றியது. அவன் கை தலைக்கு மேல் போனது. கும்பிடுகிறானா, பழக்கத்தில் தூக்கினானா என்று தெரியவில்லை.

"நேர்ல நின்னா இத்தன பெருசா தெரியாது. ரொம்பத் தள்ளி, சின்னதாத்தான் தெரியும்" என்றான்.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் அவன் போய் வந்தும் அவள் அதைக் கேட்டதில்லை, அவன் சொன்னதும் இல்லை.

"அப்புறம் எல்லாரும் ஏன் அப்படி அழறாங்க?"

தெரியவில்லை என்றான் அவன். பிறகு, பக்கத்தில் நிற்கிறவன் அழுவான், அதைப் பார்த்து நாமும் அழுவோம் என்றான். கரிமலை ஏற்றத்தைச் சொன்னான், அழுதா நதியில் கல் எடுப்பதைச் சொன்னான். முகத்தைப் பார்த்துச் சொன்னானா என்றால் இல்லை, தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் சொன்னான். அவள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் மாலை போடுவானா என்று கேட்க நினைத்தாள். கேட்டால் இந்தப் பேச்சு நின்றுவிடுமோ என்று கேட்கவில்லை.